நாலு டயர் வாங்கிய கதை

என் தம்பி மகன் அடையாறு காந்தி நகரில் இருக்கிறான். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூருக்கு வந்தான். வாசலில் நின்ற அவனுடைய காரைச் சுற்றி எங்கள் தெருப் பையன்கள் கூடிவிட்டார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கித் திறக்கும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம்.

"பெரியப்பா, நாலு டயரும் மாத்தணும். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க ஆபீஸ்ல வண்டி செக்‌ஷன் பார்த்தவர்தானே? நீங்க சொல்லுங்க" என்றான்.

நான் வண்டி செக்‌ஷன் பார்த்தது உண்மை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் யு.டி.சி.யாக ஆறு வருடம் ஜீப்புகளுக்கும் அம்பாசடர்களுக்கும் லாக் புக், பெட்ரோல் கணக்கு, டயர் ரிஜிஸ்டர் எல்லாம் என் மேசையில்தான் இருந்தன. டயர் ரிஜிஸ்டர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொரு டயரின் நம்பர், எந்த வண்டியில் எந்தச் சக்கரத்தில் எந்தத் தேதியில் மாட்டியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது ரீட்ரேட் போட்டது, எப்போது கண்டம் செய்தது, எல்லாம் அதில் இருக்கும். மனிதனுக்குக்கூட அத்தனை விவரமாகச் சர்வீஸ் புக் எழுதுவதில்லை.

ஆனால் "நீங்க சொல்லுங்க" என்று அவன் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் டயருக்கு 'ப்னு' என்று பெயர். முதல் எழுத்தை விழுங்காமல் சொல்ல வேண்டும். அந்த மாதிரி முடியும் சொற்களுக்குப் பன்மையில் எக்ஸ் போட வேண்டும் என்பது விதி. 'ப்னு'வுக்கு மட்டும் எஸ். நீலம் என்ற சொல்லும் அப்படியே. இந்த விதிவிலக்குக்காக நான் வாங்கிய ஸ்கேல் அடி இன்னும் முட்டியில் இருக்கிறது. சைகோனில் வேலை பார்த்த எங்கள் பெரியப்பா ஒருவர் மிஷ்லேன் கம்பெனியின் சாலை வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். டயர்களை அடுக்கிச் செய்த அந்தக் குண்டு மனிதன், பிபெண்டம், எனக்கு எம்.ஆர்.எஃப். பயில்வானுக்கு முன்பே அறிமுகம். 1898-இல் வரைந்த உருவம் அது. ஆள் ஏன் வெள்ளையாக இருக்கிறான் என்றால், அந்தக் காலத்து டயர் வெளிறிய நிறம்தான். கரித்தூள் சேர்க்க ஆரம்பித்த பிறகுதான் டயர் கறுத்தது.

எம்.ஆர்.எஃப். நம் ஊர்க்காரர். 1946-இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் பிறகு டயர் கம்பெனி ஆனது. என் தம்பிக்கு அந்தப் பயில்வான் மேல்தான் பக்தி. எழுபதுகளில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயத்துக்கு இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போவோம். புழுதியும் வெயிலும் காஸ்டர் ஆயில் வாடையும்! இப்போது பந்தயமெல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது.

தம்பி மகன் ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தான். இதே அளவு டயர் போட்டவர்களின் அனுபவங்களை ஆறு மாதமாக விசாரித்துக் குறித்து வைத்திருக்கிறான். வாங்கிப் பார்த்தேன். ஒருவர் "பிரமாதம், வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போகிறது" என்கிறார். இன்னொருவர் அதே டயரை "சத்தம் காதைக் கிழிக்கிறது" என்கிறார். பையன் குழம்பியதில் தப்பில்லை.

நான் ஒரு கோடு போட்ட ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்து, ஆபீஸ் வழக்கப்படி ஒப்பீட்டுப் பட்டியல் போட ஆரம்பித்தேன். முதலில் ஒரு காலம்: இதைச் சொல்பவர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டிய பிறகு சொல்கிறார்? எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே பாராட்டுப் பத்திரம் எழுதியவர்கள். மொட்டை டயரைக் கழற்றிவிட்டுப் புது டயர் போட்டவனுக்கு எந்த டயரும் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். அவர் ஒப்பிடுவது இந்தக் கம்பெனியை அந்தக் கம்பெனியோடு அல்ல, புதுசைப் பழசோடு. அதோடு பெரிய தொகை கொடுத்தவன் அடுத்த வாரமே தப்பாக வாங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வானா? அவர்களையெல்லாம் அடித்துவிட்டேன். இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் பேசியவர்கள் நான்கைந்து பேர் தேறினார்கள். அவர்களில் அதே டயரை இரண்டாம் முறையும் வாங்கியவர் இருவர். அந்த இருவர் சொல்லுக்குத்தான் எடை.

இரண்டாவது காலம்: எந்த ஊர், எந்த ரோடு? மும்பை–புணே எக்ஸ்பிரஸ் வேயில் ஓட்டுபவர் அனுபவம் நமக்கு எதற்கு? இவன் ஓட்டுவது வார நாளில் அடையாறிலிருந்து தி.நகர், ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம், எப்போதாவது புதுச்சேரி. மே மாதம் தார் உருகும் வெயில். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஜி.என்.செட்டி ரோட்டில் குளம். வேகமாகப் போகும்போது டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் போனால் டயர் தண்ணீர் மேலேயே மிதக்க ஆரம்பித்துவிடும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பேருக்குத்தான். அகலமான டயருக்கு இந்த ஆபத்து கூடுதல். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக்கூடாது என்பது சட்டம். மழைக்காலத்துக்கு அதுவே போதாது. அதனால் மழையில் பிரேக் பிடித்த அனுபவத்துக்குத் தனி காலம். விலைக்குக் கடைசிக் காலம்.

பெரிய சிக்கல் வேறு. இந்தக் காரில் கம்பெனியிலிருந்தே ரன்ஃபிளாட் டயர் வரும். பக்கச் சுவர் கெட்டி. காற்று முழுதும் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதை நம்பி ஸ்டெப்னியே கிடையாது. பின் சக்கரம் 255/35 ஆர் 18. அதாவது அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 35 சதவீதம், ஒன்பது சென்டிமீட்டர்தான். அந்த ஒன்பது சென்டிமீட்டரும் கட்டை மாதிரி இருந்தால் நம் ஊர்ப் பள்ளத்தில் விழும்போது இடுப்பு என்ன ஆகும்? நோட்டில் பலர் ரன்ஃபிளாட்டை விட்டு சாதாரண டயருக்கு மாறி "வேறு கார் வாங்கியது போலிருக்கிறது" என்று சொல்லியிருந்தார்கள். மாறியவர்களில் திரும்பி ரன்ஃபிளாட்டுக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனித்தேன்.

"அப்பா என்ன சொல்றான்?" என்று கேட்டேன்.

"அப்பா இந்தக் கார்ல ஏறவே மாட்டேங்கறார் பெரியப்பா. டயரைப் பத்திப் பேசினா எழுந்து போயிடறார்."

அவனுக்குக் காரணம் தெரியாது. தம்பியும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

1979. தம்பி அப்போது ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கியிருந்தான். வண்டலூர்ப் பக்கம் செய்த கார், இரண்டு கதவு, அழகான வண்டி. டயர் நான்கும் மொட்டை. புது டயருக்கு அவன் கையில் பணம் இல்லை. "அண்ணே, நீங்கதானே ஆபீஸ்ல டயர் பார்க்கறீங்க, ஒரு வழி சொல்லுங்க" என்றான். நானும் ரொம்பப் பெருமையாக மூன்று இடத்தில் ரேட் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, மிகக் குறைந்த ரேட்டுக்கு ரீட்ரேட் போடும் கடையைச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். நாலு சக்கரத்துக்கும் ரீட்ரேட் போட்டான்.

மே மாதம் புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போனான். மதுராந்தகம் ஏரிக்கரை தாண்டி முன் சக்கரத்து டயர் வெடித்தது. வண்டி புளியமரத்தில் மோதியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது அவன் சட்டை முழுக்க ரத்தம். உயிர் பிழைத்தான். வலது முழங்கை மட்டும் இன்றுவரை முழுதாக நீளாது. அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

லீவு முடிந்து ஆபீஸ் போனேன். எங்கள் ஜீப் டிரைவர்களில் மூத்தவர் விஷயம் கேட்டுவிட்டு, "ரீட்ரேட் டயரை யாராவது முன்னாடி போடுவாங்களா சார்? பின்னாடி மட்டும்தானே போடுவோம்" என்றார். அன்று மத்தியானம் டயர் ரிஜிஸ்டரைத் திறந்தேன். ஆறு வருடப் பக்கங்கள், எல்லாம் என் கையெழுத்து. ரீட்ரேட் என்று எழுதிய ஒவ்வொரு வரியிலும் அடுத்த காலத்தில் 'பின் இடது', 'பின் வலது' என்றே இருந்தது. ஒரு வரிகூட 'முன்' இல்லை. எழுதியவன் நான். வண்டி ஓட்டுபவர்களின் அனுபவம் என் மேசை மேலேயே இருந்தது; நான் பார்த்தது ரேட்டை மட்டும்.

தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சரி, 2022-க்கு வருகிறேன். ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் மவுண்ட் ரோட்டிலும் தி.நகரிலும் கடை கடையாக ஏறினோம். எனக்கு உள்ளூர மிஷ்லேன் மேல்தான் ஆசை. ஒரு கடையில் பிரெஞ்சு உச்சரிப்பில் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரப் பையன் புரியாமல் விழித்துவிட்டு, "ஓ, மிச்சலினா? எப்படிச் சொன்னாலும் ரேட் அதே ரேட்தான் சார்" என்றான். இங்கே பக்கத்திலேயே, கும்மிடிப்பூண்டி தாண்டித் தேர்வாய் கண்டிகையில் அவர்களுக்கு ஃபேக்டரி இருக்கிறது. அந்த நிலம் சிப்காட்டுக்குப் போவதை எதிர்த்து ஊர் மக்கள் போராடியதும் நினைவிருக்கலாம். ஆனால் அப்போது அங்கே செய்தது லாரி, பஸ் டயர். இந்த அளவெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து வரத்து குறைவு.

ஒரு கடையில் நாலும் இருப்பதாகச் சொன்னார்கள். சற்றுத் தள்ளுபடியும் உண்டு என்றார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயர் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணைத் தேடினேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். முன் டயர்கள் 0922. நல்லது. பின் டயர்கள் 4618. 2018-ஆம் ஆண்டின் நாற்பத்தாறாவது வாரம்! நாலு வருடமாகக் கோடவுனில் கிடந்த ரப்பர். "ஓடாத டயர் சார், புதுசுதான்" என்றார் கடைக்காரர். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும். பென்ஷன்காரனிடம் போய் இதைச் சொல்கிறாரே! வெளியே வந்துவிட்டோம்.

மூன்று வாரம் காத்திருந்து வேறொரு கடையில் கான்டினென்டல் வாங்கினோம். சாதாரண டயர், ரன்ஃபிளாட் அல்ல. நாலும் 2022, முன்னும் பின்னும் ஒரே வகை, வேக எழுத்து ஒய், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. என் பட்டியலில் இருபதாயிரம் தாண்டியவர்கள் மழை பிரேக்குக்கு அதிக மார்க் கொடுத்ததும் அதற்குத்தான். படித்த மொழிக்குத் துரோகம் செய்துவிட்டு ஜெர்மானியனிடம் போய்ச் சேர்ந்தேன். பேலன்சிங், அலைன்மென்ட் முடிந்ததும் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரெஸரும் பஞ்சர் கிட்டும் வாங்கி டிக்கியில் வைக்கச் சொன்னேன்.

அன்று மாலை அடையாறு போனேன். தம்பி திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பையன் மாடிக்குப் போன நேரம் பார்த்து அந்த ஃபுல்ஸ்கேப் தாளை அவனிடம் நீட்டினேன். முழுதும் படித்தான். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலை ஒவ்வொரு காலத்தின் மேலும் வைத்து நகர்த்தினான்.

"ரேட் எங்கே?"

"கடைசியில இருக்கு பாரு."

பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காத்துப் போச்சுன்னா?" என்றான்.

அவன் கேட்டது எதை என்று எனக்குத் தெரியாதா? மெதுவாகச் சொன்னேன். அந்தக் காலத்து ட்யூப் டயர் மாதிரி இல்லை. ட்யூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் பெரும்பாலும் மெல்லத்தான் இறங்கும், காரே மீட்டரில் விளக்கைப் போட்டுச் சொல்லிவிடும். வெடிப்பதற்குப் பெரிய காரணம் குறைந்த காற்றும் பழைய ரப்பரும். காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடாகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்றுப் பார்க்க வேண்டும். பையனிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

"வெடிக்கவே வெடிக்காதுன்னு சொல்ல முடியுமா அண்ணே?"

"முடியாதுடா."

தலையாட்டினான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. "அண்ணே, முட்டுக்காடு வரைக்கும் போயிட்டு வரோம். ரெண்டு பேருக்குத்தான் இடம், கோவிச்சுக்காதீங்க" என்றான் தம்பி. ஏழரை மணிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். வண்டி எப்படி இருந்தது என்று கேட்டேன். இடுப்பு வலிக்கவில்லை, ஆனால் இறங்கி ஏறத்தான் இரண்டு ஆள் வேண்டும் என்றான்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கார் பத்து நாள் ஷெட்டிலேயே நின்றது.