விமான நிலையத்தில் ஒரு பெயர், பேருந்தில் ஒரு பெயர்

எங்கள் கெங்கவல்லிப் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அண்மையில் முகமது அலியின் படம் ஒன்று வந்தது. படத்துக்குக் கீழே, முடியாதது எதுவுமில்லை என்ற வாசகம், அலி சொன்னதாக. அது 2004இல் அடிடாஸ் விளம்பரத்துக்காக எழுதப்பட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அனுப்பிய நண்பர் சில நாள் முன்புதான், குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம், "கெங்கவல்லில நீங்க எந்தத் தெருங்க?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி எதற்கென்று நமக்குத் தெரியும். இங்கே அமெரிக்காவில், பொங்கல் விழாப் பந்தியிலும் அதையே கேட்கிறார்கள்.

நான் குடியிருப்பது அலி பிறந்த லூயிவில் நகரத்தில். 1954இல் பன்னிரண்டு வயதுப் பையனாக, சைக்கிள் திருட்டுப்போன ஆத்திரத்தில் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரரிடம் முறையிடப்போய், அவரிடமே குத்துச்சண்டை படிக்கத் தொடங்கியது இந்த ஊரில்தான். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கித் திரும்பியவருக்குச் சாப்பாடு போட மறுத்த உணவகங்களும் இந்த ஊரில்தான் இருந்தன. நம் டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அலி பேசியதில் எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது ஒரே ஒரு கேள்வியை. 1964இல் சோனி லிஸ்டனை வீழ்த்திய கையோடு, கேசியஸ் கிளே என்பது அடிமைப் பெயர் என்று அதை உதறினார். குத்துச்சண்டை வீரர் எர்னி டெரலோ பிடிவாதமாக 'கிளே' என்றே அழைத்துக்கொண்டிருந்தார். 1967 பிப்ரவரியில் ஹூஸ்டனில் இருவரும் மோதியபோது, குத்துக்குக் குத்து "என் பேர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார் அலி. மூன்றே மாதத்துக்குள், அதே ஹூஸ்டனில், வியட்நாம் போருக்கு ஆளெடுத்தபோது முன்னால் வந்து நிற்க மறுத்தார். பட்டம் பறிபோனது. இருபத்தைந்து வயதில், உடம்பு உச்சத்தில் இருந்தபோது, மூன்றரை ஆண்டு மேடையே ஏற முடியவில்லை. 1971இல்தான் உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை ரத்து செய்தது. 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்று அலியைச் சுருக்குகிறவர்கள் இந்த மூன்றரை ஆண்டை எங்கே வைப்பார்கள்?

பெயர் விஷயத்தில் நம் மண்ணை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அலி பெயர் மாற்றுவதற்கு முப்பத்தைந்து ஆண்டு முன்பே, 1929இல், செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்னது. அதனால்தான் இந்நாட்டுப் படிவங்களில் கடைசிப் பெயர்க் கட்டத்தில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. வங்கியில் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்படிப்பட்ட நாம்தான் 1997இல் ஒரு பேருந்திடம் தோற்றோம். விருதுநகரில் போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தலித் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட வண்டியில் ஏறமாட்டோம் என்றது ஒரு கூட்டம். கலவரத்தில் உயிர்கள் போயின. கடைசியில் தலைவர்கள் பெயரையெல்லாம் மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் அரசு நீக்கியது. எங்கள் ஆத்தூர்ப் பேருந்திலிருந்த 'அண்ணா'வும் அதோடு அழிந்தது. லூயிவில்லோ 1978இல் வால்நட் தெருவுக்கும் 2019இல் விமான நிலையத்துக்கும் அலி பெயரைச் சூட்டியிருக்கிறது.

"பேர் வெச்சாப் போதுமா மாப்ள? 2020ல அதே ஊர்லதான பிரியோனா டெய்லரை வீடு புகுந்து போலீஸ் சுட்டுச்சு?" என்று ஊரிலிருந்து மாமா கேட்கிறார். நியாயமான கேள்வி. அந்தச் சாவுக்காக மாதக்கணக்கில் தெருவில் நின்றவர்களை நான் பார்த்தேன். பெயர்ப்பலகை யாருடைய உயிரையும் காப்பாற்றாது. ஆனாலும் இந்த விமான நிலையத்துக்குப் பயணச்சீட்டு எடுப்பவர், வெள்ளையரோ கறுப்பரோ, அலி பெயரைத் தாண்டித்தான் வர வேண்டும். வரமாட்டேன் என்பவருக்காக இவர்கள் பலகையைக் கழற்றப்போவதில்லை. அன்று விருதுநகரில் நம் அரசு செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான் மாமா: பெயரை அழிக்காமல், ஏற மறுத்தவர்களை விட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்க வேண்டும்.