காத்திருப்பை அளக்கிறவர்கள்

ஆடிப்பெருக்கு அன்று புது ஆண்டின் காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிட்டுவிட்டால், அப்புறம் மார்கழி வரை சிவகாசி அச்சகங்களுக்கு ஓய்வு கிடையாது. ஜவுளிக்கடை, நகைக்கடை, அரிசி மண்டி என்று ஊர் ஊராக ஆர்டர் வந்து குவியும். அச்சு இயந்திரத்தைப் பற்றியும் தாளின் விலையைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. டிசைன் அறைக்குப் பின்னால் ஓடும் ஃபைல் சர்வரைப் பற்றியும் அதைக் காப்பாற்றும் கைகளைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. சர்வர் பழுது பார்க்கும் விருதுநகர் இளைஞர் ஒருவரோடு ஐப்பசியில் ஒருநாள் அப்படியொரு அச்சகத்துக்குப் போயிருந்தேன்.

டிசைன் அறையில் பதினைந்து பேர், பெரும்பாலும் பெண்கள். இருபதுக்கு முப்பது அங்குல மாதக் காலண்டர் படத்தை 300 டிபிஐ-யில் நாலு கலருக்கும் வைத்தால், லேயர் எதுவும் இல்லாமலே 216 எம்பி வரும். லேயரோடு சேர்த்தால் பல மடங்கு. கடைப் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தவும் அந்தக் கோப்பைச் சர்வரிலிருந்து திறந்தாக வேண்டும்.

"காலையில நல்லா ஓடுதுண்ணே. பதினொண்ணுக்கு மேல ஒரு ஃபைலைத் தொறக்கச் சொல்லிட்டு டீயே குடிச்சுட்டு வந்துரலாம்" என்றார் ஒரு டிசைனர். அங்கே சிலருக்கு ஜாப் கணக்கில்தான் கூலி. சர்வர் இழுத்தால் அன்றைய வரும்படி குறையும்.

முதலாளி தவித்துப்போயிருந்தார். "தம்பி, ஸ்விட்ச்ச மாத்திருவோமா? இல்ல, சர்வரையே புதுசாப் போட்டுருவோமா?"

"பொறுங்க அண்ணாச்சி. இப்ப எதையும் வாங்க வேண்டாம். எங்க நிக்குதுன்னு மொதல்ல அளந்து பாத்துருவோம்."

இந்தத் தொழிலின் அடிப்படையே அந்தப் பதில்தான். சந்தேகப்படும் பொருளையெல்லாம் மாற்றிக்கொண்டே போனால் பணம் தீரும். பழுது அப்படியே இருக்கும். அவர் முதலில் நெட்வொர்க்கை மட்டும் தனியாகச் சோதித்தார். நொடிக்கு 940 மெகாபிட் வந்தது. ஜிகாபிட் கேபிளில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆக, ஸ்விட்ச் மேல் குற்றமில்லை. பிராசஸரும் சும்மாதான் இருந்தது. தன் நேரத்தில் பெரும்பங்கை டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்தே கழித்தது.

பதினொன்றே காலுக்கு, டிஸ்க்குகளின் வேலையை அளந்து காட்டும் ஐஓஸ்டாட் என்ற நிரலை ஓடவிட்டார். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு 5 முறையில் சேர்த்த நாலு டிஸ்க்குகளின் கணக்கு திரையில் வரி வரியாக வந்தது. "வேகத்தைப் பாக்காதீங்கண்ணே, இந்தக் காலத்தப் பாருங்க" என்று ஒரு நெட்டு வரிசையை விரலால் காட்டினார். ஒரு வேலை டிஸ்க்கிடம் போய்ப் பதிலோடு திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்ற கணக்கு அது. மூன்று டிஸ்க்குகளில் முப்பது, நாற்பது. மூன்றாவது இடத்தில் இருந்ததில் மட்டும் நானூறைத் தாண்டிக்கொண்டிருந்தது. பெரிய கோப்பின் துண்டுகள் நாலிலும் பிரிந்து கிடப்பதால், நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் நொண்டினால் எல்லோரும் நிற்கிற கதைதான்.

ஆனால் மற்ற மூன்றுக்கும் நாற்பது ஏன்? நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். படிக்கும் முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கங்கே சிதறிக் கிடப்பதைப் படிக்கும்போது அந்த டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ எண்பது வேலைதான் முடிக்கும். வரிசையாக ஒரே கோப்பைப் படித்தால் நொடிக்கு 150 எம்பிக்கு மேல் தரும் அதே டிஸ்க், பதினைந்து பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் திணறிப்போகும். அதோடு இன்னொரு கையும் இழுத்துக்கொண்டிருந்ததை அவர் கண்டுபிடித்தார்: பேக்கப். இரவில் பூட்டும்போது சர்வரையும் அணைத்துவிடுவதால், யாரோ அதைப் பகல் பதினொரு மணிக்கு வைத்திருக்கிறார்கள்.

பிறகு, தன் நிலைமையை டிஸ்க்கே குறித்து வைத்திருக்கும் உள்பதிவை எடுத்தார். மூன்றாவதில் படிக்க முடியாமல் நிலுவையில் நின்ற செக்டர்கள் பல. ஒரு வருடத்துக்கு முன் அவசரத்துக்கு வாங்கிப் போட்ட, வீட்டுக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க் அது. ரெய்டுக்கென்று செய்த டிஸ்க், படிக்க வராத இடத்தில் சுமார் ஏழு நொடியில் கைவிட்டுவிடும். விடுபட்டதை மற்ற டிஸ்க்குகளிலிருந்து ரெய்டு கணக்கிட்டுத் தரும். வீட்டு டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அதுவரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

மாற்றும் வேலையில்தான் அவருடைய கைப்பக்குவத்தைப் பார்த்தேன். மதுரையிலிருந்து புது டிஸ்க் வந்து சேர மாலையாகிவிட்டது. முதலில் பேக்கப்பிலிருந்து ஒரு காலண்டர் கோப்பை எடுத்துத் திறந்து பார்த்தார். "தொறந்து பாக்காத பேக்கப் பேக்கப்பே இல்லண்ணே." மற்ற மூன்று டிஸ்க்குகளின் உள்பதிவையும் சரிபார்த்தார். ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத்தான் தாங்கும். ஒன்றைக் கழற்றிய நேரத்தில் இன்னொன்று போனால் எல்லாமே போய்விடும். அதனால் பழையதைக் கழற்றாமல், காலியாக இருந்த ஐந்தாவது இடத்தில் புதியதைச் செருகி, ஓட ஓடவே நகலெடுக்கச் சொன்னார். நாலு டெராபைட் டிஸ்க் என்பதால் நல்ல வேகத்தில் போனாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

விடிந்ததும் பழையதை உருவினார். உருவும் முன் திரையில் இருந்த சீரியல் எண்ணையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த எண்ணையும் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார்த்தார். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் எண் எழுதி ஒட்டினார். தவறான டிஸ்க்கை இழுத்ததால் அழிந்த சர்வர்கள் ஏராளம்.

பேக்கப் இரவு பத்துக்கு மாறியது. இரவில் சர்வரை அணைப்பதில்லை என்று முடிவானது. அன்று பதினொன்றே காலுக்கு நாலு டிஸ்க்குகளும் பதினைந்து மில்லிசெகண்டுக்குள் பதில் சொல்லின. செலவு ஒரு டிஸ்க்கும் அவருடைய கூலியும்தான்.

பழுதானால் மட்டும் கூப்பிடுவது இந்தத் தொழிலாளிக்குச் செய்யும் நியாயமல்ல, நமக்கும் நல்லதல்ல. நிலுவைச் செக்டர் எண்ணிக்கையை மாதம் ஒருமுறை பார்த்திருந்தால், இந்த டிஸ்க்கை சீசனுக்கு முன்பே மாற்றியிருக்கலாம். சர்வர் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: ஆண்டுக் கூலி பேசி ஓர் ஆளை அமர்த்துங்கள். அவர் மாதாமாதம் வந்து பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவதற்கே அந்தப் பணம் தகும்.