குமரன் ஊரில் தன்பாத் வண்டி

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் தன்பாத் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் காட்சியை நேயர்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். ஜார்க்கண்டில் புறப்பட்டு, ஒடிஸாவையும் ஆந்திரத்தையும் கடந்து ஆலப்புழைக்குப் போகும் அந்த வண்டியிலிருந்து திருப்பூரில் இறங்குகிறவர்கள் கோயில் குளம் பார்க்க வந்த யாத்திரிகர்கள் அல்லர். தோளில் ஒரு பை, கையில் ஒரு வாளி, வாளிக்குள் தட்டும் டம்ளரும். பெரும்பாலோருக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருக்கும். இரண்டு இரவுப் பிரயாணத்தின் களைப்பு கண்ணில் தெரியும். ஆனாலும் இறங்கியவுடன் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஊரிலிருந்து முன்னாலேயே வந்துவிட்ட அண்ணனோ மாமனோ பிளாட்பாரத்தில் காத்திருப்பதுதான் காரணம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சற்று தூரத்திலேயே கொடி காத்த குமரனின் நினைவகம். சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அந்த இளைஞர், 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதம் இந்த ஊர் வீதியில் தேசக் கொடியை ஏந்தி ஊர்வலத்தில் போனார். போலீசாரின் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். விழுந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 27. வண்டியிலிருந்து இறங்கிய பிள்ளைகளும் ஏறக்குறைய அந்த வயதினர்தாம். அவர் ஏந்திய கொடி அவர்களுடைய கொடியும்தான் என்று எண்ணியபடியே நான் ஊருக்குள் நடந்தேன்.

திருப்பூர் பனியனுக்குப் பேர் பெறுவதற்கு முன்னால் கதருக்குப் பேர் பெற்ற ஊர். அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு இதுவே தலைமை ஸ்தலமாக இருந்தது. சுற்றுப்புறக் கிராமங்களில் நூற்ற நூல் இங்கே வந்து துணியாகித் தேசமெங்கும் போயிற்று. 1920-களில் குலாம் காதர் என்னும் முஸ்லிம் அன்பர் பனியன் தொழிலுக்கு இங்கே வித்திட்டார் என்பார்கள். இன்றும் மொத்த வியாபாரம் நடக்கும் காதர்பேட்டையில் ஒரு மணி நேரம் சுற்றினால் தமிழ், இந்தி, மலையாளம், வங்காளி என்று நாலு பாஷைகளில் பேரம் நடப்பதைக் காது குளிரக் கேட்கலாம்.

1970-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி தொடங்கியது. 2024-25-ஆம் வருஷத்தில் ஏற்றுமதி மட்டும் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. சுற்றுப்புறத்துக் கைகள் போதாமற் போனபோது மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஜனங்கள் வந்தார்கள். அவர்களும் போதாமற் போகவே பீகார், ஒடிஸா, வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாமிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். இந்தச் செல்வத்துக்கு நொய்யல் நதி கொடுத்த விலை தனிக் கதை. சாயக் கழிவினால் நதி கெட்டு, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லும் நிலை வந்தது. சாயத்தைச் சுத்திகரிக்க யந்திரம் வந்துவிட்டது. மனிதர் மனத்தில் கலக்கும் விஷத்தைச் சுத்திகரிக்க எந்த யந்திரத்தை வைப்பது?

அந்த விஷம் 2023-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் இந்த ஊருக்குள் வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று சில வீடியோக்கள் செல்போன்களில் பரவின. வட நாட்டுப் பத்திரிகைகள் சிலவும் அதை அச்சிட்டன. போலீசார் விசாரித்ததில், பரபரப்பாகப் பேசப்பட்ட ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்வாசிகளுக்குள் நடந்த தகராறு. இன்னொரு படமோ பாட்னாவில் ஒரு வீட்டில் ஆட்களை நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் போலீசாரே சொன்னார்கள்.

அதற்குள் ஸ்டேஷனில் கூட்டம் நெருக்கியது. ஹோலிப் பண்டிகைக்காகப் போகிறவர் பாதி, பயந்து போகிறவர் பாதி. பீகார் சர்க்கார் நால்வர் அடங்கிய குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களைச் சந்தித்து, பயத்தை உண்டாக்கியவை பொய்யான வீடியோக்கள் என்று தெரிவித்தார்கள்.

இந்தப் பொய்யால் யாருக்கு லாபம்? அந்த மார்ச் முதல் தேதியன்று பீகாரின் துணை முதல் மந்திரி தேஜஸ்வி யாதவ், தமிழ்நாட்டு முதல் மந்திரி ஸ்டாலினின் பிறந்த நாள் விழாவுக்காகச் சென்னைக்கு வந்திருந்தார். "நம் பிள்ளைகள் அடிபடும்போது இவர் விருந்துக்குப் போனார்" என்று பீகார் சட்டசபையில் எதிர்க்கட்சியினர் கூச்சலிட வசதியாயிற்று. நம் பக்கத்திலும் யோக்கியதை அதிகமில்லை. வட நாட்டார் மேல் துவேஷத்தை மூட்டும் மேடைப் பேச்சுக்கள் அந்த நாட்களில் இங்கேயும் கைதட்டல் வாங்கிக் கொண்டிருந்தன. இரண்டு கரையில் இருப்பவர்களும் ஒரே நெருப்பில் குளிர் காய்ந்தார்கள்.

நான் போன பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜையருகே ஒரு பீகார் இளைஞர். ஓவர்லாக் மிஷினில் ஒடிஸாப் பிள்ளைகள். செக்கிங்கில் உள்ளூர்ப் பெண்கள். அவர்களிடையே ஓர் அம்மாளின் பேச்சு மட்டும் தனியாக ஒலித்தது. விசாரித்தேன். திருகோணமலையில் பிறந்தவராம். 1990-ல் பத்து வயதுச் சிறுமியாகப் படகேறி வந்து, இன்றும் அகதிகளுக்கான மறுவாழ்வு முகாமில் வசிக்கிறார். ஒடிஸாப் பிள்ளைகள் அவரை "அக்கா, அக்கா" என்று சுற்றி வருகிறார்கள். தமிழில் அவர்கள் முதலில் கற்ற வார்த்தை அதுதானாம்.

"அந்த மார்ச் மாசம் இந்தப் பிள்ளையள் சாப்பிடாமல் அறைக்குள்ளேயே இருந்தவை, ஐயா. எனக்கு எங்கட ஊர் ஞாபகம் வந்திட்டுது" என்றார் அவர். "எங்கட தெருவிலை சிங்களவரும் இருந்தவை, முஸ்லிம்களும் இருந்தவை. கறி கொடுப்பம், வாங்குவம். எலெக்ஷன் வந்தால்தான் பயம் வரும்."

பெரிய சரித்திர நூல்கள் விஸ்தாரமாகச் சொல்வதை அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்ற கோஷத்தோடு பண்டாரநாயக பதவிக்கு வந்தார். 1957-ல் அவரே செல்வநாயகத்துடன் சமாதான ஒப்பந்தம் செய்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். பிக்ஷுக்களும் நெருக்க, 1958-ல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே கலவரம். 1965-ல் அந்த எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து செல்வநாயகத்துடன் மற்றோர் ஒப்பந்தம் செய்தது. இப்போது எதிர்க்கும் முறை பண்டாரநாயகவின் கட்சிக்கு! ஆட்சியில் இருக்கும்போது நியாயம் தெரிவதும், பதவி போனவுடன் அது மறந்து போவதுமாகக் காலம் கழிந்தது. விலையை 1983-லும், பின்னர் 2009 மே மாதத்தில் முடிந்த யுத்தம் வரையிலும் சாதாரண ஜனங்கள் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தும் பிளவு தீரவில்லை. 2013-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட வட மாகாண சபையின் காலம் 2018-ல் முடிந்தது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் கடந்தும் புதிய சபைக்குத் தேர்தல் வரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 1966-ல் பம்பாயில் சிவசேனை பிறந்தபோது, அதன் முதல் கோபம் யார் மேல் விழுந்தது? 'மதராஸி' என்று அழைக்கப்பட்ட நம்மவர் மேல்தான். வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று அன்று நம்மைச் சொன்னார்கள். அந்தக் கூச்சலில் பம்பாய் மில் தொழிலாளரின் பழைய சங்க ஒற்றுமை உடைந்தது. அன்று நம் மாமன் மச்சான்கள் கேட்ட வசவையே இன்று நாம் எடுத்து வீசுவது எந்த ஊர் நியாயம்?

உள்ளூர்த் தொழிலாளியின் மனக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. "ஒன்றரை ஷிப்டு என்றாலும் அவன் தலையாட்டுகிறான். நாங்கள் கூலி உயர்வு கேட்டால் வாசலைக் காட்டுகிறார்கள்" என்று ஒரு டெய்லர் என்னிடம் கசந்து பேசினார். அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் அதற்குக் காரணம் ஒடிஸாப் பையனா? அவன் பத்துக்குப் பத்து அறையில் நாலைந்து பேரோடு படுத்துக்கொண்டு மிச்சம் பிடித்த பணத்தை ஊருக்கு அனுப்புகிறான். குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதால் லாபம் அடைகிறவர் மூன்றாமவர். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக் கொண்டிருக்கும் வரையில் அவர் பக்கம் யாரும் திரும்பப் போவதில்லை. 1979-ல் இயற்றப்பட்ட வெளி மாநிலத் தொழிலாளர் சட்டம், வந்தவனுக்கும் உள்ளூர்க்காரனுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும் என்றது. அதை உண்மையாக நடத்தியிருந்தாலே பாதிச் சண்டை தீர்ந்திருக்கும். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. பக்கத்தில் நிற்பவன் எந்த ஜில்லாக்காரன் என்று பார்த்துக் கொண்டிருந்தால் அது நடந்திருக்குமா?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி விதித்தபோது ஆர்டர்கள் நின்றன. அந்த வரி தமிழன், பீகாரி என்று பேதம் பார்க்கவில்லை. மிஷின் நின்றால் எல்லோருக்கும்தான் நிற்கிறது.

சனிக்கிழமை இரவு. சம்பளம் வாங்கிய கூட்டம் குமரன் சாலையில் நிரம்பி வழிந்தது. ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் அந்த அம்மாளைப் பஸ் நிறுத்தத்தில் மறுபடியும் பார்த்தேன். முகாமுக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். அவருடைய காய்கறிப் பையைச் சுமந்து கொண்டு ஓர் ஒடிஸாப் பையன் பக்கத்தில் நின்றான். பஸ் வந்தது. பையை உள்ளே கொடுத்துவிட்டு, "போயிட்டு வாங்க, அக்கா!" என்றான். தமிழ் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. அந்த வேளையில் என் காதுக்கு அதைவிட நல்ல தமிழ் வேண்டியிருக்கவில்லை.