ஒன்றரை மீட்டர் வீழ்ச்சி

ஜூலை 6
ஆனைமலை அடிவாரம். நண்பரின் தென்னந்தோப்பை ஒட்டிய ஓடையில் பழைய கல்தடுப்பு ஒன்று உண்டு. மட்டக்குழாய் பிடித்துப் பார்த்தோம். மேல்நீருக்கும் கீழ்நீருக்கும் இடையே 1.5 மீட்டர். மேலே, 90 பாகை ‘வி’ வெட்டுள்ள பலகையை ஓடைக்குக் குறுக்கே நிறுத்தினோம். வெட்டின் மேல் 28.5 செ.மீ. நீர் நின்றது. அப்படியானால் நொடிக்கு 60 லிட்டர். கணக்குப்படி அந்த நீரில் 880 வாட் இருக்கிறது. பாதி தண்டுக்கு வந்தாலே எனக்கு நிறைவு.

ஜூலை 19
லேத்துப் பட்டறை. இவ்வளவு தாழ்ந்த வீழ்ச்சிக்கு விக்டர் கப்லான் 1913இல் காப்புரிமை கோரிய வழிதான் பொருத்தம்: கப்பல் விசிறி போன்ற சுழலி. அவருடையதில் இறக்கைகள் திரும்பும். எங்களுடையதில் நான்கும் பற்றவைத்தவை. குறுக்களவு 20 செ.மீ.

“ஏனுங்ணா, ரெக்கைய ஒரே சாய்வா வெச்சா வேல சீக்கிரம் முடியுமுங்களே?” என்றார் பட்டறைத் தம்பி. அடியைவிட நுனி வேகமாக ஓடுகிறது, அதனால் நுனி படுத்தும் அடி நிமிர்ந்தும் இருக்க வேண்டும் என்றேன். உடனே புரிந்துகொண்டு மரத்தில் அச்சு செதுக்கினார். இறக்கையின் முறுக்கு அத்தனை சுத்தமாக வந்ததற்கு அவர் கைதான் காரணம்.

ஆகஸ்ட் 8
முதல் சோதனை. 20 செ.மீ. புல்லியில் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. இரண்டுக்கும் வித்தியாசம் 5 கிலோ. நிமிடத்துக்கு 540 சுற்று. 280 வாட்டுக்கும் சற்றுக் குறைவு.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, மேல்தொட்டியிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வருகிற நீரைச் சுழலி முழுதாக வாங்கவில்லை. கீழ்நீருக்கு 1 மீட்டர் உயரத்தில் சுழலி நிற்கிறது. அந்த 1 மீட்டரை அடியிலுள்ள விரிகுழாய்தான் உறிஞ்சி ஈடுகட்ட வேண்டும். காற்று புகுந்தால் அந்த வீழ்ச்சியின் பலன் போய்விடும். மூட்டருகே ஊதுபத்தியைக் காட்டினோம். புகை அப்படியே உள்ளே இழுபட்டது.

ஆகஸ்ட் 10
மூட்டுக்குப் புதிய ரப்பர் வளையம் வெட்டிப் போட்டு முடுக்கினோம். வழிதல் நின்றது. 7 கிலோ, 600 சுற்று: 430 வாட். நீரின் ஆற்றலில் 49 விழுக்காடு! இரும்பில் எதையும் மாற்றவில்லை, காற்றைத் தடுத்தோம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24
சுமையை எடுத்ததும் வேகம் இரட்டிப்பை நெருங்கியது. ஆகவே விளக்குகள் அணைந்தால் மின்சாரம் தண்ணீர் சுடவைக்கும் காயிலுக்குத் திரும்பும்படி கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்தாயிற்று. ஜெனரேட்டரின் இழப்பு போக 300 வாட் கிடைக்கிறது. சிறிதுதான், ஆனால் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 7 யூனிட்.

காலையில் தடுப்புக் கம்பியில் பன்னாடையும் இலையும் அடைத்து 10 செ.மீ. மட்டம் குறைந்திருந்தது. மலையிலிருந்து 50 மீட்டர் விழும் நீருக்கு அது பொருட்டே இல்லை. இங்கே பதினைந்தில் ஒரு பங்கு. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டைக் கதவணைகளில் தலா 30 மெகாவாட் எடுக்கிறார்களே, அங்கும் வீழ்ச்சி சில மீட்டர்தான்; அங்கும் சென்டிமீட்டருக்கு விலை உண்டு.

ஓடைக்கரையில் நிலம் வைத்திருப்பவர்களே, சுழலிக்கு விலை விசாரிக்கும் முன் ‘வி’ பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். மழைக்கால அளவு மட்டும் போதாது. பங்குனி, சித்திரையிலும் அளந்து எழுதி வையுங்கள்.