சத்தம் எப்பொழுது வருகிறது?



வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, நூல் அறிமுகம் என்றே எழுதி வருகிறேன். இன்று ஒரு பழைய மகிழுந்தின் காற்று விசிறியைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழாசிரியருக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இறுதிவரை படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் பள்ளிக்கு ஓட்டிச் செல்வது 1997-ஆம் ஆண்டின் புரோட்டோன் இஸ்வாரா. 1985 சூலை 9-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவின் வழித்தோன்றல். என் மாமனார் ஓட்டிய வண்டி. அவர் மறைந்தபின் விற்க மனம் வரவில்லை. வீட்டில் வேறு வண்டி இருந்தாலும், ஜாசின் நகரிலிருந்து அசகான் பக்கமுள்ள தோட்டப் பள்ளிக்குப் போய்வர எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் இவ்வண்டியில் ஒரு சத்தம் தொடங்கியது. ஏர்கோனைத் திறந்தவுடன் இடப்பக்க டேஷ்போர்டின் அடியிலிருந்து ‘கிரீச்’ என்று ஒரு கூச்சல். அதைத் தொடர்ந்து ‘டக் டக்’ என்று ஏதோ தட்டும் ஒலி. நான் செய்த முதல் சிகிச்சை, மின்னல் பண்பலையின் ஒலியைக் கூட்டியது. சில வாரங்களில் பாட்டையும் மீறிச் சத்தம் கேட்டது. இரண்டாவது சிகிச்சையாக விசிறியையே நிறுத்திவிட்டுச் சன்னல்களைத் திறந்துகொண்டு ஓட்டினேன். சத்தம் நின்றது. சிக்கல் தீர்ந்தது என்றே நினைத்தேன்.

அக்டோபர் மாதத்து மாலை ஒன்றில் அந்நினைப்பு பொய்த்தது. மாலை வகுப்பு முடிந்த நேரம். ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவரை ஏற்றிச் செல்லும் வேன் அன்று வரவில்லை. பெற்றோரிடம் கைப்பேசியில் சொல்லிவிட்டு, இருவரையும் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு புறப்பட்டேன். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் பாதி தொலைவு போவதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. சன்னல்களை மூடினேன். விசிறி ஓடவில்லை. இரண்டே நிமிடங்களில் முன்கண்ணாடி உட்புறமாக வெண்மை பூத்துவிட்டது.

காரணம் எளியது. மழை பட்டுக் கண்ணாடி குளிர்கிறது. மூன்று பேரின் மூச்சிலும் நனைந்த உடைகளிலும் உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து பனியாகிறது. குளிர்சாதனம் காற்றின் ஈரத்தை உறிஞ்ச, விசிறி அந்த உலர்ந்த காற்றைக் கண்ணாடியின்மேல் செலுத்தினால்தான் அது தெளியும். விசிறியை நான் வாயடைத்து வைத்திருந்தேன். ஒரு கையால் துணிகொண்டு துடைத்தபடியே ஓட்டினேன்.

“சார், மோட்டார்சைக்கிள்!” என்று ஒருவன் அலறினான். மழைக்கு ஒதுங்க இடம் தேடிச் சாலையோரமாக மெல்லச் சென்றுகொண்டிருந்த ஒருவரின் பின்விளக்கு, நான் துடைத்த சிறு வட்டத்திற்குள் திடீரென்று தெரிந்தது. வண்டியை வலப்பக்கம் ஒடித்து, சற்றுத் தள்ளி ஓரமாக நிறுத்தினேன். கைகள் நடுங்கின. அந்த மனிதர் எங்களைக் கடந்து சென்று, எதிரே ஒரு மரத்தடியில் ஒதுங்கினார். துணியால் கண்ணாடி முழுவதையும் துடைத்தேன். “அதோ, அந்த மரத்தடியில நிக்கிறாரு பாரு” என்று ஒருவன் காட்டினான். “எங்கடா? எந்த மரம்?” என்று மற்றவன் கேட்டான். விளையாடுகிறான் என்று எண்ணி, “சும்மா இரு” என்று அதட்டினேன். அச்சொற்களை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே பட்டறைக்குச் சென்றேன். பட்டறைக்காரர் தோட்டத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் ஒரு சீனத் தவுக்கேயிடம் வேலை கற்றுக்கொண்டவர். நான் அவரை அண்ணன் என்றழைப்பேன். “அண்ணே, விசிறி கத்துது, மாத்திடுங்க” என்றேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“சத்தம் எப்போ வருது வாத்தியாரே? எஞ்சினை அணைச்சிட்டுச் சாவியை மட்டும் திருப்பினா வருதா? விசிறி வேகத்தைக் கூட்டினா மாறுதா? காலையில அதிகமா இருந்து போகப் போகக் குறையுதா? வளைவுல திரும்பும்போது கூடுதா?”

மூன்று மாதமாக நாள்தோறும் கேட்ட சத்தம். ஒரு கேள்விக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அதை நிறுத்துவது எப்படி என்று யோசித்தேனே தவிர, ஒரு முறையும் உற்றுக் கேட்டதில்லை.

அவரே சோதித்தார். எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பி விசிறியை ஓடவிட்டார். சத்தம் வந்தது. ஆகவே, எஞ்சினோடு சுழலும் பெல்ட்டோ கம்ப்ரசரோ காரணமல்ல என்பது உறுதியாயிற்று. முதல் வேகத்தில் ‘டக்... டக்’ என்று விட்டுவிட்டு வந்த ஒலி, நான்காம் வேகத்தில் இடைவிடாத அதிர்வாக மாறியது. சுழலும் சக்கரத்தில் ஒரு பக்கம் பாரம் ஏறியிருக்கிறது என்றார். தொடக்கத்தில் எழும் ‘கிரீச்’ ஒலி, அச்சைத் தாங்கும் புஷ் உலர்ந்துவிட்டதைக் காட்டும் என்றார். ஒரு திருகாணியையும் கழற்றாமலே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

அதன்பிறகு செய்தவற்றை முறையாகச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருப்போர்க்குப் பயன்படும்.

முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினார். முன்னிருக்கைப் பயணியின் முழங்காலுக்கு எதிரே உள்ள கிளவ் பாக்ஸைப் பிரித்தெடுத்தார். விசிறியும் மோட்டாரும் அடங்கிய கூடு அதன் பின்னால் இருந்தது. மின்னிணைப்பை உருவி, சுற்றிலும் இருந்த திருகாணிகளை நீக்கியதும், மோட்டார் விசிறிச் சக்கரத்தோடு கீழே இறங்கி வந்தது. அதனோடு ஒரு கைப்பிடி காய்ந்த இலைகளும் கொட்டின.

அவை மழைமரத்தின் சிற்றிலைகள். பள்ளி வளாகத்தில் நிழலுக்காக அம்மரத்தடியில்தான் வண்டியை நிறுத்துவேன். முன்கண்ணாடியின் அடியில் வெளிக்காற்று நுழையும் துவாரங்கள் வழியாக அவை உள்ளே இறங்கியிருக்கின்றன. இக்காலத்து வண்டிகளில் உள்ளதுபோல் காற்று வடிகட்டி என் வண்டியில் இல்லை. இலையும் தூசும் ஈரத்தில் குழைந்து, சக்கரத்தின் தகடுகளுக்கிடையே ஒரு பக்கமாக அடையாய் ஒட்டியிருந்தன.

அண்ணன் இன்னொன்றையும் காட்டினார். விசிறி மெதுவாகச் சுழலும்போது மின்சாரம் ஒரு மின்தடைச் சுருளின் வழியாகச் செல்லும். அச்சுருள் சூடாகும், அதைக் குளிர்விக்கக் காற்றோட்டத்தின் நடுவிலேயே அதைப் பொருத்தியிருப்பார்கள். அதன்மேலும் சில இலைகள் கிடந்தன. அவற்றின் ஓரங்கள் கருகியிருந்தன. “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா புகைஞ்சிருக்கும்” என்றார். எனக்கு வியர்த்தது.

மென்மையான தூரிகையால் இலைகளை வாரினார். சக்கரத்தைத் தனியே கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தினார். மோட்டாரில் நீர் படவிடவில்லை. தகட்டொன்றில் சிறிய உலோகக் கவ்வி ஒன்று இருந்தது. அதை நான் தொடப் போனபோது தடுத்தார். சக்கரம் இரு பக்கமும் ஒரே பாரமாகச் சுழலத் தொழிற்சாலையிலேயே பொருத்துவதாம் அது. பின்னர், அச்சைத் தாங்கும் புஷ்ஷில் ஒரேயொரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டார். அதிகம் விட்டால் தூசு ஒட்டும். புஷ் தேய்ந்து அச்சு ஆடினால் எண்ணெய் உதவாது. மோட்டாரையே மாற்ற வேண்டும். என் மோட்டார் ஆடவில்லை. எல்லாவற்றையும் பூட்டி ஓடவிட்டார். காற்றின் ஓசை மட்டுமே கேட்டது. ஒரு மணி நேர வேலை; கூலி முப்பது ரிங்கிட்.

இந்த விசிறியைக் குளிர்நாடுகளில் ‘ஈட்டர்’ விசிறி என்றே சொல்கிறார்கள். தொரொந்தோவில் வாழும் என் உறவினர் ஒருவர், சனவரிக் குளிரில் தம் வண்டியிலும் இதே சத்தம் வந்ததாகச் சொன்னார். எஞ்சினின் சுடுநீர் ஓடும் குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தினால் வெப்பம். குளிர்சாதனக் குழாய்களின்மேல் செலுத்தினால் குளிர்ச்சி. விசிறி ஒன்றே. இங்கு நாம் வியர்க்காதிருக்கவும் அங்கு அவர்கள் விறைக்காதிருக்கவும் அதுவே உழைக்கிறது.

இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது வியந்தேன். உருளையைச் சுற்றிலும் வளைந்த சிறு தகடுகள் வரிசையாய் அமைந்த இவ்வகை விசிறியை உருவாக்கியவர் சாமுவேல் டேவிட்சன். அயர்லாந்தில் பிறந்து, 1864-இல் அசாம் பக்கமுள்ள கச்சார் தேயிலைத் தோட்டத்திற்கு வேலைக்கு வந்தவர். தேயிலையை உலர்த்தும் இயந்திரங்களைச் செய்யத் தொடங்கி, 1881-இல் பெல்பாஸ்டு நகரில் ‘சிராக்கோ’ என்னும் பெயரில் தொழிற்சாலை அமைத்தார். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, 1890-களின் இறுதியில் இவ்விசிறி பிறந்தது. நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கிலோ 1896-இல் டான் சாய் யான் இரப்பர்த் தோட்டம் தொடங்கினார். வண்டியின் சக்கரத்திற்கு இரப்பர் தந்ததும் தோட்டம். உள்ளே வீசும் காற்றுக்கு விசிறி தந்ததும் தோட்டம். இச்செய்தியை வகுப்பில் சொன்னபோது, தோட்டத்துப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு மலர்ச்சியைக் கண்டேன்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

என் வகுப்பில் ஓயாது பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். அன்று வண்டியில் “எந்த மரம்?” என்று கேட்டவன்தான். அவனுக்கும் நான் இரண்டு சிகிச்சைகளை அளித்திருந்தேன். முதலில் என் குரலை உயர்த்தினேன். அடுத்து, அவனைக் கடைசி வரிசையில் தனியே உட்கார வைத்தேன். வகுப்பு அமைதியானது. அவனுடைய மதிப்பெண் சரிந்தது. அக்கறையில்லாத பிள்ளை என்று அவன் தாயாரிடமும் சொல்லியிருந்தேன்.

பட்டறையிலிருந்து வந்த வாரம், அண்ணன் கேட்ட கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். இவனுடைய சத்தம் எப்பொழுது வருகிறது? அவனை மறுபடியும் நண்பனின் அருகே அமர்த்தி, மூன்று நாள் அதட்டாமல் குறித்து வைத்தேன். கதை சொல்லும்போது வரவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது வரவில்லை. நூலைப் பார்த்து எழுதும்போதும் வரவில்லை. வெண்பலகையில் நான் எழுதத் தொடங்கியதும் வந்தது. அருகில் சென்று காது கொடுத்தேன். “அடுத்த சொல் என்னடா?” என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பலகை தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தான். கேட்டுக் கேட்டு எழுதியவனைப் பலகையிலிருந்தும் நண்பனிடமிருந்தும் ஒருசேரப் பிரித்துக் கடைசி வரிசைக்கு அனுப்பியவன் நான்.

அவன் தாயாரை அழைத்து, முன்பு சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வீட்டுலயும் டிவி கிட்டப் போயி உக்காருவான் சார். நானும் அடிச்சிருக்கேன்” என்றார். மறுவாரம் நகரில் கண் பரிசோதனை நடந்தது. கண்ணாடி அணிந்து வந்த முதல் நாள், சன்னல் வழியே மழைமரத்தைப் பார்த்தபடியே இருந்தான். “இலை இலையா தெரியுது சார்” என்றான்.

அவன் முதல் மாணவனாகிவிட்டான் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. இழந்த பாடங்களை இப்பொழுதுதான் மெல்ல மீட்டு வருகிறான். இன்னும் பேசுகிறான். எதற்காகப் பேசுகிறான் என்று கேட்கும் பொறுமை எனக்கு வந்திருக்கிறது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! ஒரு பிள்ளை ஓயாமல் சத்தமிட்டால், அடக்குவதற்கு முன் மூன்று நாள் குறித்துப் பாருங்கள். எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், யார் அருகில் இருக்கும்போது வருகிறது? கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? நூலை முகத்தருகே வைத்துப் படிக்கிறதா? ஒரு பக்கக் காதைத் திருப்பிக் கேட்கிறதா? ஐயம் எழுந்தால் உடனே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வண்டி வைத்திருப்போர், மரத்தடியில் நிறுத்தினால் முன்கண்ணாடியின் அடியில் சேரும் இலைகளை வாரத்திற்கொருமுறை அகற்றுங்கள். நான் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அதைச் செய்கிறேன். அவனும் உதவிக்கு வந்துவிடுகிறான்.