உஸ்தாதின் பேனாக்கத்தி

என் மேசை இழுப்பறையில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதனுள் பதினெட்டு மடக்குக் கத்திகள் உள்ளன. ஓதிக்கொடுக்கும் ஒருவனுக்குக் கத்திகளின் மீது இத்தனை ஆசையா என்று வீட்டார் நகைப்பதுண்டு. அந்த ஆசையின் வேர் ஒரு கத்தியில்தான் இருக்கிறது. அதற்கு நான் இழைத்த பிழையையும் இங்கே சொல்லிவிட எண்ணுகிறேன்.

1988-ஆம் ஆண்டு, வேலூரில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் உஸ்தாத் அவர்கள் கலம் சீவக் கற்பித்தார்கள். நாணற்குச்சியை முதலில் சாய்வாகச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டியெடுத்து, மை இறங்குவதற்கு நடுவே ஒரு பிளவு இட வேண்டும். இறுதியாக நுனியைச் சிறு பலகைமேல் வைத்து ஒரே அழுத்தில் துண்டிக்க வேண்டும். தயங்கி மறுமுறை அழுத்தினால் நுனி சிதறிவிடும். அப்பாஸிய கலீபாக்கள் மூவரிடம் அமைச்சராயிருந்து 940-இல் மறைந்த இப்னு முக்லா, கலத்தின் நுனி பதிக்கும் புள்ளியைக் கொண்டே அரபு எழுத்துகளுக்கு அளவு வகுத்தார். அந்தப் புள்ளி கோணினால் அலிஃப் முதல் யா வரை அத்தனையும் கோணும்.

உஸ்தாத் அவர்களின் பேனாக்கத்தி விரல் நீளமே இருக்கும். கொம்புப் பிடி, மெல்லிய அலகு. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் சிலுவையும் அலகில் பொறித்திருந்தன. நான் ஓதி முடித்து விடைபெற்றபோது அதை என் கையில் வைத்து, “இது அமானத். சீவத் தெரிந்த ஒருவனையாவது உருவாக்கு” என்றார்கள்.

பின்னர் நாமகிரிப்பேட்டைக்கு ஆசிரியனாக வந்தேன். மஞ்சளுக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்ற நாதஸ்வர வித்வான் கிருஷ்ணன் அவர்களின் சீவாளியும் நாணல் இனத்துத் தட்டையை வெட்டிச் செய்வதுதான். கலமும் சீவாளியும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்று மாணவர்களிடம் சொல்லி மகிழ்வேன்.

வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற என் மாணவர்கள், ஊர் திரும்பும்போது ஆளுக்கொரு கத்தி கொண்டுவரத் தொடங்கினர். ஸ்விட்சர்லாந்தின் கார்ல் எல்ஸனர் 1897-இல் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தியின் வழிவந்தது ஒன்று: அலகு, திருகாணி, திறப்பான் எல்லாம் ஒரே சிவப்புப் பிடிக்குள். அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை மற்றொன்று, விரித்தால் குறடாகிவிடும். பிரான்சின் ஓபினெல், மரப்பிடியில் ஓர் அலகோடு நிற்பது. இவற்றைப் பார்த்து வியந்தவர்களிடம் நம் மடக்கெழுத்தாணியை நினைவூட்டுவேன். ஓலையில் எழுத ஆணியும், ஓலையை நறுக்கக் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கும் அக்கருவி நம் முன்னோர் மடியில் இருந்ததே!

ஒப்பிடும் பழக்கம் மெல்ல என்னைப் பற்றிக்கொண்டது. ஷெபீல்டிலேயே 1913-இல் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். உஸ்தாதின் கத்தி அதற்கு முந்திய வகை எஃகு. எலுமிச்சை பட்டால் கறுக்கும்; ஈரத்தில் துருவேறும். ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். ஸ்விஸ் கத்தி பளபளவென்று மின்னும்போது இது மட்டும் கறுத்துக் கிடக்கிறதே என்று எனக்கு உறுத்தியது.

ஒருநாள் மஞ்சள் மெருகேற்றும் உருளைகளைப் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில், மின்சாணையில் நானே அதைப் பிடித்தேன். பொறி பறந்தது; கறை போயிற்று. அலகின் நுனியில் வைக்கோல் நிறம் படர்ந்து, ஊதாவாகி, நீலமாயிற்று. அழகென்று எண்ணினேன். அருகிலிருந்த கொல்லர் பதறிப்போய், “ஐயா, தோய்ச்சல் போயிருச்சே!” என்றார். எஃகைக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து ஏற்றிய கடினம், 300 பாகையளவு சூட்டில் இளகிவிடும். அந்த நீலமே அதன் அடையாளம். மீண்டும் காய்ச்சித் தோய்க்கலாம். அதற்குப் பிடியைப் பெயர்க்க வேண்டும். பழங்கொம்பு உடைந்துவிடும் என்றார் அவர்.

சில வாரங்கள் கழித்து, கலம் சீவப் பழகிய பன்னிரண்டு வயது மாணவன் கேட்டான்: “ஹஜ்ரத், நுனி மட்டும் ஏன் நீலமா இருக்கு?”

“பழசாயிடுச்சுப்பா” என்றேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கத்தியைக் கெடுத்தது அறியாமை. பிள்ளையிடம் சொன்னதோ பொய். பொய் கூடாதென்று காலையில் ஓதிக்கொடுத்த அதே நாவால் மாலையில் அதைச் சொல்லியிருந்தேன். மறுநாள் அவனை அழைத்து உள்ளதைச் சொன்னேன். அவன் சற்று நேரம் கத்தியைப் புரட்டிப் பார்த்தான்.

“உங்க உஸ்தாதுக்குத் தெரியுமா ஹஜ்ரத்?”

“அவங்க மௌத்தாகி வெகு காலம் ஆச்சுப்பா.”

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. கல்லை எடுத்து நீர் தெளித்துத் தீட்டத் தொடங்கினான். இளகிய எஃகு கூர் ஏற்கும், நிலைநிறுத்தாது. இரண்டு கலம் சீவுவதற்குள் மழுங்கிவிடும். ஆகவே எங்கள் வகுப்பில் ஒவ்வொரு முறையும் முதலில் கத்தி தீட்டுகிறோம், பிறகே சீவுகிறோம். மற்ற பதினெட்டும் கூர் மங்காமல் பெட்டிக்குள் இருக்கின்றன. இந்த ஒன்று அந்தப் பையனிடம் இருக்கிறது. சென்ற மாதம் அவன் சீவித் தந்த கலத்தால் ஓர் அலிஃப் எழுதிப் பார்த்தேன். நேராகவே நின்றது.