ஒல்லி லேப்டாப்பும் ஒழுகுற கூரையும்

மக்களே, காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் நிம்மதியாகத் தூங்குகிற ஆள் நான். அதே ஆள் ஒரு லேப்டாப்புக்காக மூணு நாள் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்த கதை இது. கேமிங் லேப்டாப் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கடையில் ரெண்டு லேப்டாப் பார்த்தேன். ரெண்டுக்குள்ளேயும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ். ஒண்ணு கறுப்பா, செங்கல் மாதிரி, 2.4 கிலோ. விலை 98 ஆயிரம். இன்னொண்ணு அலுமினிய உடம்பு, சிக்குனு 1.6 கிலோ. விலை 1,72,000. மனசு எதில் விழுந்தது என்று சொல்ல வேண்டுமா என்ன? கேண்டீன் டேபிளில் அதைத் திறந்து வைத்தால் யார் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிற வரைக்கும் யோசித்தாயிற்று :-)

வீட்டில் சொன்னேன். அப்பா ரொம்ப யோசிக்கவில்லை. "சீட்டு ஓடிக்கிட்டிருக்குல்ல, இந்த மாசம் தள்ளி எடுத்துத் தர்றேன்"னார். 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. 30 ஆயிரம் தள்ளி எடுத்தால் கைக்கு 1,70,000 வரும். அது எங்க ஸ்டேஷனரி கடையின் கூரையை மாற்றுவதற்காகப் போட்ட சீட்டு. மழை வந்தால் நோட்டுக் கட்டுகளை ஒழுகாத மூலையாகப் பார்த்து நகர்த்துவது எங்கள் குடும்பத் தொழிலில் ஒரு பகுதி. அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தூக்கம் போனது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரே கிராபிக்ஸ், ஆனால் 74 ஆயிரம் வித்தியாசம். எதற்கு?

கிராபிக்ஸ் சிப் தின்கிற மின்சாரம் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். தடித்த உடம்பில் பெரிய விசிறி, பெரிய ஹீட்சிங்க் வைக்க இடம் இருக்கிறது. ஒல்லி உடம்பில் இடம் இல்லை. அதனால் வேப்பர் சேம்பர், லிக்விட் மெட்டல் என்று விலை உயர்ந்த வழிகளைத் தேட வேண்டும். உடம்பும் பிளாஸ்டிக்கில் இருந்து உலோகத்துக்கு மாற வேண்டும். ஆக, அந்தப் பணத்தைச் சும்மா பிடுங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது. நிஜமாகவே செலவு இருக்கிறது.

ஆனால் அவ்வளவு செய்தும் சூடு முழுசாக அடங்குவதில்லை. மிச்சத்தைச் சிப்பின் மின்சாரத்தைக் குறைத்துத்தான் சமாளிக்கிறார்கள். 2013-ல் ரேசர் பிளேடு 16.8 மில்லிமீட்டர் தடிமனில் வந்தது. 2017-ல் என்விடியா 'மேக்ஸ்-க்யூ' என்று ஒரு வகையையே அறிவித்தது. டெஸ்க்டாப்பில் 180 வாட் வாங்கும் ஜிடிஎக்ஸ் 1080-ஐ 90 முதல் 110 வாட்டுக்குள் அடக்கி, 17.9 மில்லிமீட்டர் ஆசுஸ் செபிரஸில் நுழைத்தார்கள். அன்றைக்குப் பெயரிலேயே 'மேக்ஸ்-க்யூ' என்று இருந்ததால் வாங்குகிறவனுக்கு விஷயம் தெரியும். 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் இருந்து பெயரில் அந்த ஒட்டு போய்விட்டது. லேப்டாப் 4060 என்றால் 35 வாட்டும் உண்டு, 115 வாட்டும் உண்டு. ஸ்டிக்கர் மட்டும் ஒன்றே!

நான் பார்த்த கறுப்புச் செங்கல் 115 வாட். ஒல்லி 90 வாட். அதாவது 74 ஆயிரம் கூடக் கொடுத்து, கேமில் கொஞ்சம் குறைந்த வேகத்தை வாங்கப் போகிறேன்! குறைகிற எடை 800 கிராம். கிராமுக்கு 92 ரூபாய் 50 காசு. இல்லாத எடைக்கு இவ்வளவு விலை கொடுப்பது இந்த ஒரு சரக்குக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஒல்லியில் ரேம் போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருந்தது. நாளைக்குப் பற்றாமல் போனால் கூட்ட முடியாது. செங்கலில் ரெண்டு ஸ்லாட் இருந்தது.

அப்புறம் நம்ம பாடம். 2017-ல் இருந்து வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருடத்துக்கு 40 சதவீதத் தேய்மானம் என்று படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் 1,72,000 மூணு வருடத்தில் 37,152 ஆகிவிடும். 98 ஆயிரம் 21,168 ஆகும். மறுவிற்பனை விலை அப்படியே இருக்காதுதான். ஆனாலும் 74 ஆயிரமாக இருந்த வித்தியாசம் 16 ஆயிரத்துக்குச் சுருங்குகிறது. கூரை என்றால் மூணு வருடம் கழித்தும் கூரையாகத்தான் இருக்கும்.

அப்போ ஒல்லி லேப்டாப் வேஸ்ட்டா? அப்படியும் இல்லை. தினமும் ரயில், ஆபீஸ், ஷூட்டிங் என்று அலைந்து வீடியோ எடிட் செய்து சம்பாதிக்கிறவருக்கு அந்த 800 கிராம் தினமும் தோளில் தெரியும். அவருக்கு அது செலவு இல்லை, முதலீடு. என் கணக்கு வேறு. என் பழைய லேப்டாப்பை மாசத்துக்கு எத்தனை தடவை வெளியே எடுத்துப் போனேன் என்று எண்ணிப் பார்த்தேன். மூணு தடவை. அதில் ஒன்று ரிப்பேர் கடைக்கு! கேம் விளையாடுவதோ ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், அதே மேஜையில், பிளக்கைச் சொருகிக்கொண்டு.

ஆக, நான் வாங்க நினைத்தது எடைக் குறைவை இல்லை, கேண்டீன் டேபிளைத்தான். அதற்கு அப்பா 30 ஆயிரம் தள்ளி சீட்டு எடுக்க வேண்டுமா?

"இந்த மாசம் எடுக்க வேணாம்பா"ன்னேன்.

"ஏன், பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. ஆனா கூரைய மாத்திடுவோம்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தகரம் போடலாமா, ஆஸ்பெஸ்டாஸா?" என்று என்னையே கேட்டார். என்னிடம் அவர் கடை விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆடிட்டர் ஆபீஸில் டேலி என்ட்ரி போட்டுச் சேர்த்தது 41 ஆயிரம் இருக்கிறது. அது 98 ஆகிறபோது செங்கல் வரும். ஒல்லி வேணுமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் ஒரு மாசம், எத்தனை நாள் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

பி.கு: தகரம்தான் போடப் போகிறோம். மழையில் சத்தம் வருமாம். பரவாயில்லை, கேமிங் லேப்டாப் விசிறியை விடவா? :-)